ரோமாபுரி மேடையும் தங்கவயல் மேடையும்

(பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க ஒரு பேச்சுக்கலைப் பாடம்)

1891ஆம் ஆண்டு பெங்களூர் யஷ்வந்தபுரத்தில் ரயில் பாதை வேலைக்காக மண்ணைத் தோண்டியபோது பழைய வெள்ளி நாணயங்கள் கிடைத்தன. அவை ரோமாபுரிப் பேரரசர்களின் தலை பொறித்த நாணயங்கள். கரூர், கோவை வட்டாரங்களிலும் இத்தகைய நாணயங்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. நம் மிளகுக்கும் முத்துக்கும் மெல்லிய துணிக்கும் ரோமர் தம் பொன்னையும் வெள்ளியையும் அள்ளிக் கொடுத்தனர். இந்திய வாணிகத்தால் ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணம் வெளியே போகிறதே என்று பிளினி என்ற ரோம அறிஞர் கி.பி. முதல் நூற்றாண்டில் வருந்தி எழுதினார். சங்கப் புலவர்கள் பாடிய யவனர் இந்த வாணிகத்தில் வந்தவர்களே.

அந்த நாணயங்கள் இன்று அருங்காட்சியகப் பொருள்கள். அவற்றைக் கொண்டு கடையில் ஒரு படி அரிசி வாங்க முடியாது. ஆனால் ரோமர் உலகுக்கு விட்டுச் சென்ற வேறொரு செல்வம் இன்றும் செல்லுபடியாகிறது. அதுதான் அவர்கள் வளர்த்த பேச்சுக்கலையும், அந்தப் பேச்சுக்கு அடித்தளமாக நின்ற தத்துவமும்.

தங்கவயல் தமிழருக்கு இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. பொங்கல் விழா என்றாலும் திருவள்ளுவர் விழா என்றாலும் நம்மிடையே பேச்சுப் போட்டி இல்லாமல் நிறைவு பெறுவதில்லை. அப்பாவோ ஆசிரியரோ எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை மனப்பாடம் செய்து வருகிறது. மூன்றாவது வரியில் ஒரு சொல் நழுவினால் முழுப் பேச்சும் நழுவி விடுகிறது. அதே பிள்ளை வளர்ந்து பெங்களூரில் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போகும்போதும், நகரசபை அலுவலகத்தில் ஒரு குறையைச் சொல்லப் போகும்போதும் தடுமாறி நிற்கிறது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதற்குப் பிறகு விடியற்காலை ரயிலேறி வெளியூர் போய்ப் பிழைக்கும் குடும்பங்கள் நம்முடையவை. நிலமும் தோப்பும் வைத்துப் பிழைப்பவர்கள் நம்மில் மிகச் சிலர். தெளிவாகச் சிந்திக்கும் அறிவும், சிந்தித்ததை அஞ்சாமல் சொல்லும் வாயும்தான் நம் பிள்ளைகளின் முதல். அந்த முதலை வளர்க்கும் வழியை ரோமர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே படிப்படியாக எழுதி வைத்தனர். அதைப் பார்ப்போம்.

மேடையின் கதை

ரோம் நகரின் நடுவே பொதுமக்கள் கூடும் வெளி ஒன்று இருந்தது. அதற்கு ‘ஃபோரம்’ என்று பெயர். அங்கே பேச்சாளர் ஏறி நிற்க ஒரு மேடை உண்டு. அந்த மேடையை ‘ரோஸ்ட்ரா’ என்றார்கள். கி.மு. 338இல் அண்டியம் என்ற ஊரை வென்ற ரோமர், பகைவரின் கப்பல்களுடைய முன்முனைகளை அறுத்து வந்து இந்த மேடையில் பதித்தார்கள். கப்பல் முனைக்கு அவர்கள் மொழியில் வழங்கிய சொல்லே மேடைக்கும் பெயராயிற்று.

சட்டம் இயற்றுவது, போர் தொடங்குவது, குற்றவாளியைத் தண்டிப்பது ஆகிய எல்லாமே பேச்சினால் முடிவாயின. வழக்குமன்றம், ஆட்சி மன்றம், பொதுக்கூட்டம் என்ற மூன்று இடங்களிலும் பேசத் தெரிந்தவனே தலைவனாக முடியும். ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த மேடையில் ஏறும் உரிமை ஆண்களுக்கே, அதிலும் குடியுரிமையும் செல்வாக்கும் உள்ளவர்களுக்கே இருந்தது. அடிமைகளுக்கு அங்கே வாய் இல்லை. இந்தச் செய்திக்குப் பிறகு மீண்டும் வருவோம்.

சிற்றூரிலிருந்து வந்த சிசரோ

ரோமப் பேச்சாளர்களில் முதலிடம் பெற்றவர் சிசரோ. கி.மு. 106இல் அர்பினம் என்னும் சிற்றூரில் பிறந்தவர். அவருடைய முன்னோரில் ஒருவரும் ரோமில் உயர்பதவி வகித்ததில்லை. பரம்பரைப் பெருங்குடியினர் இத்தகையவர்களைப் ‘புது ஆள்’ என்று இளக்காரமாகக் குறிப்பிடுவார்கள். அந்தப் புது ஆள், பேச்சு ஒன்றையே ஏணியாகக் கொண்டு கி.மு. 63இல் ரோமின் மிக உயர்ந்த பதவியான கான்சல் பதவியை அடைந்தார்.

அது எளிதாக நடந்துவிடவில்லை. இளமையில் அவர் மெலிந்த உடலினர். பேசத் தொடங்கினால் உச்சக் குரலிலேயே கத்திப் பேசுவார். இப்படியே போனால் உயிருக்கே ஆபத்து என்று நண்பர்கள் அஞ்சினார்கள். பேச்சை விட்டுவிட மனமில்லாத சிசரோ, கி.மு. 79இல் கிரேக்க நாட்டுக்குப் புறப்பட்டார். ஏதென்சிலும் ஆசியப் பகுதியிலும் ரோட்ஸ் தீவிலும் சுமார் இரண்டு ஆண்டுகள் பயின்றார். ரோட்ஸ் தீவில் மோலோன் என்ற ஆசிரியர் அவருடைய பேச்சில் கரைபுரண்ட வெள்ளத்துக்கு அணை கட்டினார். குரலைத் தாழ்த்தவும், இடமறிந்து உயர்த்தவும் அங்கேதான் அவர் கற்றார். மேடை ஏறினாலே தொண்டை கிழியக் கத்த வேண்டும் என்று நினைக்கும் நம் இளைஞர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அவருடைய வழக்குகளில் ஒன்றை மட்டும் பார்ப்போம். சிசிலித் தீவை ஆண்ட வெர்ரஸ் என்ற ஆளுநர் மூன்று ஆண்டுகள் அந்தத் தீவைக் கொள்ளையடித்தான். கோயில் சிலைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. கி.மு. 70இல் சிசிலி மக்கள் சிசரோவிடம் முறையிட்டனர். வெர்ரசுக்காக வாதாடியவர் ஹார்டென்சியஸ். அன்றைய ரோமில் அவரை மிஞ்சிய வழக்கறிஞர் இல்லை. சிசரோ என்ன செய்தார்? அழகான பேச்சைத் தயாரித்துக்கொண்டு உட்காரவில்லை. நேரே சிசிலிக்குப் போனார். ஐம்பது நாள் ஊர் ஊராக அலைந்து கணக்கேடுகளையும் சாட்சிகளையும் திரட்டினார். வழக்கை இழுத்தடிக்க எதிர்த்தரப்பு திட்டமிட்டிருப்பதை அறிந்து, நீண்ட பேச்சைத் தவிர்த்துச் சுருக்கமாகத் தொடங்கி உடனே சாட்சிகளை நிறுத்தினார். வழக்கு முடியும் முன்பே வெர்ரஸ் நகரை விட்டு ஓடிவிட்டான். நல்ல பேச்சின் பெரும்பகுதி மேடைக்கு வரும் முன்பே நடந்து முடிகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பேச்சின் ஐந்து படிகள்

கிரேக்கரிடம் கற்றதை ரோமர் ஒழுங்குபடுத்தி, பேச்சாளன் செய்ய வேண்டிய வேலை ஐந்து என வகுத்தனர். சிசரோ கி.மு. 55இல் எழுதிய ‘பேச்சாளனைப் பற்றி’ என்ற உரையாடல் நூலிலும் இவை விரிவாக வருகின்றன. பிள்ளைகளுக்குப் புரியும்படி ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். ‘எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் வேண்டும்’ என்று ஒரு மாணவி பேசப் போவதாக வைத்துக்கொள்வோம்.

முதற்படி, பொருள் திரட்டுதல். தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது? தெருவில் எத்தனை வீடுகள்? குடத்தோடு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள்? யார் அதிகம் துன்பப்படுகிறார்கள்? இவற்றை வீடு வீடாகக் கேட்டு ஒரு தாளில் எழுதட்டும். சிசிலியில் சிசரோ செய்த வேலை இதுதான்.

இரண்டாம் படி, வரிசைப்படுத்துதல். ரோமப் பேச்சுக்கு ஒரு கட்டுக்கோப்பு உண்டு. கேட்பவர் மனத்தைத் தன் பக்கம் திருப்பும் தொடக்கம், நடந்ததைச் சொல்லும் பகுதி, தான் நிலைநாட்டப் போவது எது என்ற அறிவிப்பு, அதற்கான சான்றுகள், எதிர்த்தரப்பு சொல்லக்கூடியவற்றுக்கு மறுமொழி, இறுதியில் உள்ளத்தைத் தொடும் முடிவு. நம் பிள்ளைகள் பெரும்பாலும் விட்டுவிடுவது ஐந்தாவதை. ‘நிதி இல்லை’ என்று அதிகாரி சொல்வார் என்று தெரிந்திருந்தும் அதற்கு விடை தயாரிக்காமல் போனால், அந்த ஒரு சொல்லிலேயே பேச்சு கவிழ்ந்துவிடும்.

மூன்றாம் படி, சொல் தேர்தல். பிழையின்மை, தெளிவு, இடத்துக்கேற்ற பொருத்தம், அழகு என்று நான்கு குணங்களை ரோமர் எதிர்பார்த்தனர். அழகு கடைசியில்தான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். நம் மேடைகளில் பலர் அடுக்குமொழியில் தொடங்கி அடுக்குமொழியிலேயே முடித்துவிடுகிறார்கள். தண்ணீர் கேட்கப் போன இடத்தில் ‘விண்ணின் கொடையே, மண்ணின் மடியே’ என்று பத்து நிமிடம் பாடினால், கேட்பவர் கை தட்டுவார். குழாயில் தண்ணீர் வராது.

நான்காம் படி, நினைவில் இருத்துதல். ஒவ்வொரு சொல்லாக உருப்போடுவதைவிட நல்ல வழி ஒன்றை ரோமர் கையாண்டனர். நன்கு பழகிய ஒரு வீட்டையோ வழியையோ மனத்தில் நினைத்து, அதன் ஒவ்வோர் இடத்திலும் பேச்சின் ஒரு கருத்தை வைத்துவிட வேண்டும். பேசும்போது மனத்தால் அந்த வழியே நடந்து போனால் கருத்துகள் வரிசையாக எதிர்ப்படும். நம் பிள்ளைகளுக்கு இதற்கு வெளியூர் தேட வேண்டாம். மாரிக்குப்பத்தில் ரயில் ஏறட்டும். மாரிக்குப்பத்தில் தொடக்கம். சாம்பியனில் தெருவின் நிலை. உரிகத்தில் கோரிக்கை. கோரமண்டலில் சான்றுகள். பங்காரப்பேட்டையில் வண்டி மாறுவதற்குள் எதிர்வாதத்துக்கு விடை. பெங்களூர் வந்ததும் முடிவுரை. வழியில் ஒரு சொல் தவறினாலும் அடுத்த நிலையம் வந்தே தீரும், பேச்சு நின்றுபோகாது.

ஐந்தாம் படி, எடுத்துரைத்தல். குரல், பார்வை, கையசைவு, நிற்கும் நிலை ஆகியவை இதில் அடங்கும். பேச்சில் முதன்மையானது எது என்று கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸிடம் கேட்டபோது, எடுத்துரைத்தல் என்றாராம். அடுத்தது எது, அதற்கடுத்தது எது என்று கேட்டபோதும் அதையே சொன்னாராம். இதைச் சிசரோவும் எடுத்துக்காட்டுகிறார்.

இவ்வளவும் எதற்காக? கேட்பவருக்கு உண்மையை விளக்குவது, அவரை மகிழ்விப்பது, அவர் உள்ளத்தை அசைத்துச் செயலில் இறக்குவது என்று மூன்று நோக்கங்களைச் சிசரோ கூறுகிறார். மகிழ்விப்பதோடு நின்றுவிடும் பேச்சு மூன்றில் ஒரு பங்கு வேலையைத்தான் செய்கிறது.

பெற்றோருக்குக் குவின்டிலியன் சொல்வது

சிசரோவுக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்தவர் குவின்டிலியன். ஸ்பெயின் நாட்டில் பிறந்து ரோமில் ஆசிரியராக விளங்கியவர். பேரரசர் வெஸ்பாசியன் அவருக்கு அரசுக் கருவூலத்திலிருந்து சம்பளம் கொடுத்தார். பேச்சாளனை உருவாக்குவது பற்றி அவர் பன்னிரண்டு புத்தகங்களாக எழுதிய பெருநூல் தொட்டிலிலிருந்தே தொடங்குகிறது.

குழந்தை முதலில் கேட்பது தாயின் பேச்சையும் செவிலியின் பேச்சையும்தான். ஆகவே அவர்கள் பேச்சு திருத்தமாக இருக்க வேண்டும் என்கிறார். எழுத்துகளைத் தந்தத்தில் செதுக்கிக் குழந்தை கையில் விளையாடக் கொடுக்கலாம் என்கிறார். பிள்ளைகளை அடித்துச் சொல்லிக்கொடுப்பதை அக்காலத்தில் எல்லாரும் ஏற்றுக்கொண்டிருக்க, அவர் அதைக் கடுமையாகக் கண்டித்தார். அடி வாங்கி வளர்ந்த பிள்ளை அடிமையின் மனத்தோடு வளரும் என்பது அவர் கருத்து.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு மிக நெருக்கமான அறிவுரை ஒன்றையும் அவர் தந்திருக்கிறார். ரோமச் சிறுவன் இலத்தீன், கிரேக்கம் என்று இரண்டு மொழிகளைக் கற்க வேண்டியிருந்தது. எதை முதலில் தொடங்குவது? கிரேக்கத்தை முதலில் தொடங்குங்கள். இலத்தீன் எல்லார் வாயிலும் புழங்குவதால் அது தானாகவே வந்துவிடும் என்றார். உடனே ஓர் எச்சரிக்கையும் சேர்த்தார். ஒன்றையே நெடுநாள் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடக்கூடாது. சில காலத்துக்குள் இரண்டும் கைகோத்து நடக்க வேண்டும், ஒன்று மற்றதற்கு இடையூறாகக் கூடாது என்றார்.

இதை நம் வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். கன்னடமும் ஆங்கிலமும் பள்ளியிலும் தெருவிலும் கடையிலும் பிள்ளைக்குக் கிடைக்கின்றன. அவற்றைப் பிள்ளைகள் நன்றாகக் கற்க வேண்டும். நாம் வாழும் மண்ணின் மொழியைப் பழுதறப் பேசாதவன் இங்கே எந்த மன்றத்திலும் மதிப்புப் பெற மாட்டான். ஆனால் தமிழ் எங்கே கிடைக்கும்? வீட்டில் கிடைத்தால்தான் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் பிள்ளையிடம் அன்றைய செய்தி ஒன்றைத் தமிழில் முழு வாக்கியங்களாகச் சொல்லச் செய்வது, நாளைய மேடைக்கு இன்று போடும் அடித்தளம்.

பேச்சுக்குப் பின்னால் நிற்கும் தத்துவம்

கூர்மையான கத்தி மருத்துவர் கையிலும் இருக்கும், திருடன் கையிலும் இருக்கும். பேச்சும் அப்படித்தான். இதை ரோமர் நன்கு உணர்ந்திருந்தனர். நல்ல மனிதனாக இல்லாதவன் நல்ல பேச்சாளனாகவே முடியாது என்று முதியவர் கேட்டோ காலத்திலிருந்து சொல்லி வந்ததைக் குவின்டிலியன் தம் நூலின் இறுதிப் பகுதியில் நிலைநாட்டுகிறார்.

நம் வள்ளுவர் இதே செய்தியை அதிகார வரிசையிலேயே காட்டிவிட்டார். பொருட்பாலில் 65ஆம் அதிகாரம் சொல்வன்மை. அடுத்த 66ஆம் அதிகாரம் வினைத்தூய்மை. பேசத் தெரிந்தவனை நிறுத்தி, ‘உன் செயல் தூய்மையானதா?’ என்று கேட்பதுபோல் அமைந்திருக்கிறது இந்த வரிசை. அவையறிதலும் (72) அவையஞ்சாமையும் (73) பிறகுதான் வருகின்றன. இந்தக் குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் சிசரோவின் மொழியான இலத்தீனில் பெயர்த்தவர், இத்தாலியில் பிறந்து தமிழகத்தில் வாழ்ந்த வீரமாமுனிவர் என்பது நினைத்து மகிழத்தக்கது.

சிசரோ தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளில் தத்துவ நூல்களை விரைந்து எழுதினார். கி.மு. 45இல் அவருடைய அன்பு மகள் துல்லியா இறந்தாள். நாட்டில் குடியாட்சி சாய்ந்து கொண்டிருந்தது. அந்தத் துயரத்தில் எழுத்தே அவருக்கு மருந்தாயிற்று. கி.மு. 44இல் ஏதென்சில் படித்துக்கொண்டிருந்த தம் மகனுக்குக் கடமைகள் பற்றி ஒரு நூல் எழுதி அனுப்பினார். நேர்மைக்கு மாறானது ஒருபோதும் உண்மையான பயன் தராது என்பது அதன் உட்கிடை. பொருளை விற்பவன் அதன் குறையை மறைக்கலாமா என்பது போன்ற அன்றாடக் கேள்விகளையும் அதில் விவாதிக்கிறார்.

அவருக்குப் பின் ஸ்டோயிக் தத்துவத்தை வாழ்ந்து காட்டியவர்களில் இருவரை அருகருகே நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒருவர் எபிக்டெடஸ், அடிமையாக இருந்தவர், கால் ஊனமுற்றவர். மற்றவர் மார்க்கஸ் அரேலியஸ், கி.பி. 161 முதல் 180 வரை ரோமப் பேரரசை ஆண்டவர். அடிமையின் போதனையைப் பேரரசர் படித்துத் தம் வாழ்வுக்கு வழிகாட்டியாகக் கொண்டார். நம் கையில் இருப்பவை எவை, இல்லாதவை எவை என்று முதலில் பிரித்துக்கொள். நம் எண்ணமும் முயற்சியும் நம் கையில் உள்ளன. பிறர் செய்வதும் காலம் கொண்டுவருவதும் நம் கையில் இல்லை என்பது அந்தப் போதனையின் சாரம். சுரங்கம் மூடியது நம் கையில் இல்லை. அதன் பிறகு பிள்ளைகளை எப்படி வளர்க்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. உலக மக்கள் யாவரும் ஒரே ஊரின் குடிகள் என்பதும் இவர்கள் கொள்கை. புறநானூற்று 192ஆம் பாட்டில் கணியன் பூங்குன்றனார் சொன்ன நெறிக்கு இது எவ்வளவு அருகில் நிற்கிறது!

ரோமிலிருந்து நம் மேடை வரை

ரோமப் பேரரசு வீழ்ந்தும் அதன் பேச்சுக்கலை வீழவில்லை. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் பேச்சுக்கலை ஆசிரியராக இருந்த அகஸ்டின், கிறிஸ்தவத் துறவியான பிறகு, சிசரோவின் மூன்று நோக்கங்களைக் கோயில் பிரசங்கத்துக்குப் பொருத்தி எழுதினார். அந்தப் பிரசங்க மரபு பல நூற்றாண்டு கடந்து மிஷனரிகளுடன் நம் நாட்டுக்கும் வந்தது. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் பள்ளியில் படித்து, பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணை நின்ற ஆறுமுக நாவலர், அந்தப் பிரசங்க முறையை நன்கு அறிந்தவர். அவர் 1847 டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் தம் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். புராணத்துக்கு உரை சொல்லும் நம் பழைய மரபும் மக்களை நேரே விளித்துப் பேசும் புதிய முறையும் அங்கே கலந்தன.

20ஆம் நூற்றாண்டில் அந்தத் தமிழ் கோயிலை விட்டுத் தெருவுக்கு வந்தது. 1908இல் தூத்துக்குடியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் மக்கள் கூட்டங்களில் தமிழில் முழங்கினர். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது திரு.வி.க.வின் செந்தமிழ் ஆலைத் தொழிலாளர் காதில் விழுந்தது. பின்னர் அறிஞர் அண்ணா மேடைத் தமிழை நாடெங்கும் கொண்டு சென்றார். ரோமப் பேரரசின் அரண்மனை வாழ்வைக் காட்டி அவர் எழுதிய நூலின் பெயரே ‘ரோமாபுரி ராணிகள்’ என்பது பலருக்கும் தெரியும்.

சுரங்கத்துக்கு வாய் கிடைத்த ஊர்

இப்போது முன்பு நிறுத்திய இடத்துக்கு வருவோம். ரோமாபுரிக்கும் சுரங்கங்கள் இருந்தன. ஸ்பெயினில் புதிய கார்தேஜ் நகரை அடுத்த வெள்ளிச் சுரங்கங்களில் 40,000 பேர் உழைத்ததாகப் பாலிபியஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். மலையைக் குடைந்து சரித்துப் பொன் எடுத்த கொடிய வேலையைப் பிளினி விவரிக்கிறார். அடிமைகளும் தண்டனை பெற்றவர்களும் அங்கே மாண்டனர். ரோஸ்ட்ரா மேடையில் முழங்கிய பேரறிஞர்களில் ஒருவரும் அந்தச் சுரங்கத்துக்காகப் பேசியதாக நாம் படிப்பதில்லை. அடிமைகளையும் மனிதராக நடத்து, உடன் அமர்ந்து உண் என்று எழுதிய செனகாவும் பெருஞ்செல்வராக அடிமைகள் சூழவே வாழ்ந்தார். ரோமத் தத்துவத்தின் பெரிய குறை இது. அதைப் போற்றும்போதே இதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

நம் தங்கவயலில் நடந்தது வேறு. 1880ஆம் ஆண்டுகளில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் நடத்தத் தொடங்கியபோது, வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடி நம் முன்னோர் வந்தனர். பலர் ஊரில் தீண்டாமைக் கொடுமையால் நசுக்கப்பட்டவர்கள். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சாம்பியன் ரீப் சுரங்கத்தில் இறங்கியவர்கள், மேலே வந்து குளித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போனார்கள். 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அயோத்திதாச பண்டிதரின் (1845–1914) இயக்கத்துக்கு மாரிக்குப்பத்தில் வலுவான கிளை அமைந்தது. 1907இல் அவர் தொடங்கிய ‘தமிழன்’ வார இதழ் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளில் படிக்கப்பட்டது. பண்டிதர் மறைந்து சில ஆண்டுகளில் நின்றுபோன அந்த இதழை 1926இல் தங்கவயலிலிருந்தே ஜி. அப்பாதுரையார் மீண்டும் நடத்தினார். சாம்பியன் ரீப்பில் இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை பகுத்தறிவு நூல்களை அச்சிட்டுப் பரப்பியது. படிக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டவர்கள் படித்தார்கள், விவாதித்தார்கள், மேடை ஏறினார்கள்.

அந்தப் பழக்கம் வீண் போகவில்லை. 1930இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்ய முற்பட்டபோது, குற்றவாளிகளைப்போல் எங்களை நடத்துவதா என்று ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். சுமார் மூன்று வாரம் அந்த வேலைநிறுத்தம் நீடித்தது. அவர்கள் காத்து நின்றது தன்மானத்தை. தன்மானம் என்ற கருத்தைக் கண்ணால் காண முடியாது. அதை ஆயிரம் பேர் மனத்தில் ஒருசேர நிறுத்துவது பேச்சு ஒன்றினால்தான் முடியும். ரோமச் சுரங்க அடிமைக்குக் கிடைக்காத வாய் தங்கவயல் தொழிலாளிக்குக் கிடைத்தது. ரோமாபுரி மேடையைவிட இந்த மேடை ஒரு படி உயர்ந்தது என்று நாம் பெருமையோடு சொல்லலாம்.

ஓர் எச்சரிக்கை

சிசரோவின் முடிவு துயரமானது. சீசர் கொல்லப்பட்ட பின் அதிகாரத்தைப் பிடிக்க முயன்ற மார்க் ஆண்டனியைக் கண்டித்து அவர் தொடர்ந்து பேசினார். கி.மு. 43 டிசம்பர் 7ஆம் நாள் ஆண்டனியின் ஆட்கள் அவரைக் கொன்றார்கள். அவருடைய தலையையும் கையையும் அவர் பேசிய அதே மேடையில் காட்சிக்கு வைத்தார்கள். சிசரோவிடம் குறைகள் உண்டு. தற்புகழ்ச்சி மிகுந்தவர். கான்சலாக இருந்தபோது சதிகாரர் சிலரை விசாரணையின்றிக் கொல்லச் செய்து, அதற்காகப் பின்னாளில் நாடு கடத்தப்பட்டார். ஆனால் கடைசியில், வாய் மூடினால் உயிர் பிழைக்கலாம் என்ற நிலையில் அவர் வாய் மூடவில்லை.

அவருக்குப் பின் பேரரசர் ஆட்சி வந்தது. பேச்சுப் பள்ளிகள் பெருகின, பேச்சும் மெருகேறியது. ஆனால் பொதுக் காரியத்தில் உண்மையைப் பேச இடமில்லாமல் போனது. கற்பனைத் தலைப்புகளில் அலங்காரமாகப் பேசிப் பரிசு வாங்குவதும் அரசரைப் புகழ்வதுமே மிஞ்சின. நம் பேச்சுப் போட்டிகளும் அந்த நிலைக்குப் போய்விடக் கூடாது. ‘தமிழின் பெருமை’ என்ற ஒரே தலைப்பை ஆண்டுதோறும் கொடுப்பதை நிறுத்திவிட்டு, நம் ஊர்ப் பிரச்சினைகளைத் தலைப்பாகக் கொடுப்போம். எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கும் பிள்ளையைவிட, நான்கு வீடு விசாரித்துத் தன் சொல்லில் தடுமாறிப் பேசும் பிள்ளைக்கு அதிக மதிப்பெண் கொடுப்போம். அந்தத் தடுமாற்றம் நாளடைவில் நீங்கும்.

பயிற்சிகள்

1. உங்கள் தாத்தா அல்லது பாட்டியிடம் அவர்கள் கேட்ட ஒரு மேடைப் பேச்சைப் பற்றி விசாரியுங்கள். பேசியவர் யார், எதற்காகப் பேசினார், அதனால் என்ன நடந்தது என்று பத்து வரி எழுதுங்கள்.

2. ‘சயனைடு மண் மேடுகளால் எங்கள் தெருவில் தூசி’ என்ற தலைப்பில் ஆறு பகுதிகள் கொண்ட மூன்று நிமிடப் பேச்சு தயாரியுங்கள். எதிர்த்தரப்பின் வாதத்தையும் அதற்கு உங்கள் விடையையும் கட்டாயம் சேருங்கள்.

3. அதே பேச்சைத் தமிழில் ஒரு முறையும் கன்னடத்தில் ஒரு முறையும் வீட்டில் பேசிக் காட்டுங்கள்.

4. திருக்குறளில் சொல்வன்மை, வினைத்தூய்மை ஆகிய இரண்டு அதிகாரங்களையும் அடுத்தடுத்துப் படித்து, இரண்டும் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன என்று பெற்றோருடன் பேசுங்கள்.

பூமிக்கடியில் இருந்த பொன்னை எடுத்து யார் யாருக்கோ கொடுத்துவிட்டோம். நம் நாவில் இருக்கும் பொன்னை நம் பிள்ளைகளுக்குக் கொடுப்போம்.